இரத்மலானையைத் திட்டுமுன் கூரையைப் பாருங்கள்

கொழும்பில் நாலு தமிழர் கூடியிருக்கும் இடத்தில் குளியலறைப் பேச்சு எழுந்தால், அடுத்த வசனம் இரத்மலானையைப் பற்றியதாகவே இருக்கும். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் தலைமையகம் காலி வீதியில், இரத்மலானையில் இருப்பதனால் வந்த வினை இது. 1975 ஜனவரியில் சபை தொழிற்படத் தொடங்கியது. அன்றுதொட்டு நம் குழாய்களில் வராத தண்ணீருக்கெல்லாம் இரத்மலானையே பதில் சொல்லவேண்டும் என்று நாம் எழுதாத சட்டம் ஒன்றை இயற்றி வைத்திருக்கிறோம். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் ஷவர் ஒழுகினாலும் அது இரத்மலானையின் குற்றம். கொட்டாஞ்சேனைச் சந்து வீட்டின் மேல்மாடியில் சுடுநீர்க் கருவி இயங்க மறுத்தாலும் அதுவும் இரத்மலானையின் குற்றம்!

பத்திரிகை ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் இவ்வாறான வாசகர் கடிதங்கள் என் மேசைக்கு எண்ணற்றவை வந்ததுண்டு. சபையைக் கண்டித்து எழுதுவது எளிது, கைதட்டலும் உறுதி. சபையிடம் கேட்கவேண்டிய கேள்விகள் பல உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. 2012இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் கொழும்பு மாநகரின் பழைய குழாய்களைச் சீர்செய்யும் திட்டம் தொடங்கிய வேளையில், மாநகருக்கு அனுப்பப்பட்ட நீரில் ஏறத்தாழப் பாதி வருமானம் எதையும் தராமல் ஒழுக்கிலும் திருட்டிலும் கணக்கற்ற பாவனையிலும் போய்க்கொண்டிருந்தது. வறட்சிக் காலத்தில் களனி கங்கையின் நீர்மட்டம் தாழ்ந்து கடலின் உவர் அம்பத்தலையை நோக்கி ஏறுவதும் பழைய கதை. இவற்றையெல்லாம் கேட்போம்; கேட்கவே வேண்டும்.

ஆயினும் இன்று நான் சொல்ல வருவது வேறு. உங்கள் ஷவருக்கு நீர் வருவது கூரையில் இருக்கும் தாங்கியிலிருந்து என்றால், அந்த ஷவரின் அமுக்கத்துக்கும் இரத்மலானைக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. சபையின் பொறுப்பு தாங்கியை நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது. தாங்கியிலிருந்து உங்கள் தலைக்கு வரும் வழி முழுவதும் உங்களுடையது, உங்கள் கட்டடகாரருடையது, உங்கள் குழாய் பாஸுடையது. இந்த வேறுபாட்டை உணராமல் தெருக்குழாயோடு மோட்டரைப் பூட்டி உறிஞ்சுகின்றவர்கள், தமக்கும் பயனில்லாத, அயலவருக்கு நஞ்சாகக்கூடிய காரியத்தைச் செய்கிறார்கள். இதைச் சற்றுக் கடுமையாகவே எழுதப்போகிறேன். சினங்கொள்பவர்கள் சினங்கொள்ளட்டும்.

கலைப்பட்டதாரியான உனக்குப் பம்பியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். இதற்குத் தேவைப்படுவது சாதாரண தரக் கணிதமும் விஞ்ஞானமும் மட்டுமே.

உயரமும் குழாயும்

பத்து மீற்றர் உயரத்தில் நிற்கும் நீர் ஏறத்தாழ ஒரு பார் அமுக்கத்தைத் தரும். தாங்கி பெரியதா சிறியதா என்பது ஒரு பொருட்டல்ல. 500 லீற்றராயினும் 2,000 லீற்றராயினும் உயரமே கணக்கு. நம் வீடுகளில் கொங்கிறீற் தட்டின்மீது தாங்கியை அப்படியே அமர்த்திவிடுகிறார்கள். மேல்மாடி ஷவரின் தலை அதற்கு இரண்டு மீற்றர் கீழே இருந்தால் கிடைப்பது 0.2 பார். இன்று கடைகளில் பளபளவென்று தொங்கும் தட்டகல மழை ஷவர்களோ ஒரு பார் அளவிலான அமுக்கத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு அருவியை எதிர்பார்த்தால் என்ன செய்வது?

அந்த இரண்டு மீற்றரும் முழுதாகக் கிடைப்பதில்லை என்பது அடுத்த சோகம். நிமிடத்துக்கு 10 லீற்றர் நீரை அரை அங்குலக் குழாயினூடாக, எல்போக்களையும் வால்வுகளையும் சேர்த்து 20 மீற்றருக்குச் சமமான தூரம் அனுப்பினால், உராய்விலேயே ஒன்றே கால் மீற்றர் உயரத்துக்குச் சமமான அமுக்கம் தொலைந்துவிடும். மீதி முக்கால் மீற்றர்தான். அதே பாதையை முக்கால் அங்குலக் குழாயில் போட்டிருந்தால் இழப்பு ஒரு மீற்றரின் மூன்றிலொரு பங்களவே. ஒரே அளவு நீர் ஓடும்போது, விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும் என்பது நீரியலில் அரிச்சுவடிப் பாடம். கோடிக்கணக்கில் விலைசொல்லி வீட்டை விற்பவர், குழாயில் காலங்குலத்தை மிச்சம் பிடித்தாரென்றால் அதனை என்ன பெயரால் அழைப்பது?

கொழும்புக்குக் குழாய்நீர் முதலில் வந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து மாளிகாகந்தைக்கு நீர் வந்தபோது அதைத் தள்ள இயந்திரம் இருக்கவில்லை. மலையடிவார உயரமும் அகன்ற இரும்புக் குழாயும் அந்த வேலையைச் செய்தன. உயரத்தையும் விட்டத்தையும் சரியாகக் கணித்தவர்களுக்கு ஒரு நகரத்துக்கே நீர் கொடுக்க முடிந்தது. நமக்கோ கூரையிலிருந்து குளியலறைக்குக் கொண்டுவர முடியவில்லை.

தெருக்குழாயில் மோட்டர்

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். ஷவரில் நீர் சன்னமாக விழுகிறது என்றவுடன் சிலர் செய்வது, தெருவிலிருந்து வரும் இணைப்பிலேயே ஒரு குதிரைவலு மோட்டரைப் பூட்டிவிடுவது. "எல்லாரும் பூட்டியிருக்கினம், நாங்கள் மட்டும் ஏன் விடுவான்?" என்பது அவர்களுடைய நியாயம்.

தெருக்குழாயில் இருப்பது பொதுச்சொத்து. அதன் அமுக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் நேரத்தில் ஒருவர் உறிஞ்சினால், குழாயின் முடிவில் இருக்கும் வீட்டுக்குச் சொட்டும் போகாது. அந்த வீட்டில் மோட்டர் வாங்க வசதியற்ற ஒருவர் இருப்பார். வாடகை அறையில் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய் இருப்பார். வாளியோடு காத்திருக்கும் அவர்களுடைய நீரைத்தான் நீங்கள் உங்கள் தலையில் ஊற்றிக்கொள்கிறீர்கள்.

இதைவிடக் கொடியது இன்னொன்று உண்டு. குழாயினுள் அமுக்கம் இருக்கும்வரை, அதில் உள்ள வெடிப்பினூடாக நீர் வெளியே கசியும். பம்பி உறிஞ்சி உள்ளே எதிரமுக்கம் உண்டானால், அதே வெடிப்பினூடாக வெளியே இருப்பது உள்ளே வரும். பழைய நகரப் பகுதிகளில் குடிநீர்க் குழாய்க்கு அருகே என்ன இருக்கிறது? வடிகான் இருக்கிறது, கழிவுநீர்க் குழாய் இருக்கிறது, இரத்மலானை போன்ற இடங்களின் பல வளவுகளில் மலக்குழி இருக்கிறது. உங்கள் மோட்டர் உறிஞ்சுவது இவற்றின் கசிவையும்தான். முதலில் அது வருவது உங்கள் வீட்டுக்கே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

குழாயமைப்பின் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சான்று சிகாகோவில் உண்டு. 1933இல் அங்கே உலகக் கண்காட்சி நடந்த வேளையில், இரண்டு ஹோட்டல்களின் பழுதான குழாயமைப்பில் கழிவுநீர் குடிநீருடன் கலந்து அமீபா வயிற்றுளைவு பரவிற்று. 1,400 பேர்வரை நோயுற்றனர். 98 பேர் மாண்டனர். குடிநீர்க் குழாயினுள் கழிவு பின்னோக்கி உறிஞ்சப்படக்கூடாது என்ற விதி உலகெங்கும் இறுக்கமானதற்கு இவ்வாறான மரணங்களே காரணம். பொதுக்குழாயில் நேரடியாகப் பம்பி பூட்டுவதைப் பொறுப்புள்ள நீர்வழங்கல் அமைப்புகள் கட்டுப்பாடின்றி அனுமதிப்பதில்லை. இது அதிகாரிகளின் கெடுபிடி அல்ல, சுகாதாரம்.

தெருநீர் வலுவின்றி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வழி உண்டு. நிலமட்டத்தில் ஒரு தாங்கி வையுங்கள். மிதவை வால்வு போடுங்கள். நீர் விழும் வாய் தாங்கியின் ஆகக்கூடிய நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இரவில் ஊரார் உறங்கும்போது தெருக்குழாயின் சொந்த அமுக்கத்திலேயே அது நிரம்பும். அதிலிருந்து அரைக் குதிரைவலுப் பம்பியால் கூரைத் தாங்கிக்கு ஏற்றுங்கள். நீங்கள் யாருடையதையும் பறிக்கவில்லை. குடிநீரும் கெடுவதில்லை.

இரண்டு பம்பி, இரண்டு வேலை

நம்மவர் குழம்புவது இங்கேதான். எல்லாவற்றையும் "மோட்டர்" என்ற ஒரே சொல்லால் அழைப்பதும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். கீழ்த்தாங்கியிலிருந்து கூரைக்கு ஏற்றும் பம்பி உயரத்தை வெல்லவேண்டும். அவசரமில்லை, அரை மணித்தியாலம் ஓடினாலும் பாதகமில்லை. ஷவருக்கான பூஸ்டர் பம்பியின் வேலை, கூரையிலிருந்து இறங்கிவரும் நீருக்குச் சிறிது அமுக்கம் கூட்டுவது மட்டுமே. நீங்கள் திறக்கும்போது தானாக எழவும், மூடும்போது தானாக அடங்கவும் வேண்டும். முதலாவதற்கு வாங்கவேண்டியதை இரண்டாவதற்கு விற்பதே ஹாட்வெயார் கடைகளில் நாள்தோறும் நடக்கிறது. "ஐயா, ஒரு குதிரைவலு எடுங்கோ, பிறகு யோசிக்கத் தேவையில்லை" என்பார்கள். யோசிக்கத் தேவையில்லை என்று விற்பவர் சொல்லும்போதுதான் வாங்குபவர் யோசிக்கவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லீற்றர் நீருக்கு, 10 மீற்றர் உயரத்துக்கு ஒப்பான அமுக்கத்தைச் சேர்க்க, அந்நீருக்குப் போய்ச்சேரவேண்டிய வலு ஏறத்தாழ 16 வாட். சிறிய பம்பிகள் வினைத்திறன் குறைந்தவை. ஐந்திலொரு பங்கே பயன்படுகிறது என்று வைத்தாலும் 80 வாட் போதும். ஆகவே ஒரு ஷவருக்கு 100 முதல் 120 வாட் வரையான, குழாயின் நடுவிலேயே பூட்டப்படும் சிறு பூஸ்டர் பம்பி தாராளமாகப் போதுமானது. ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் ஓடவேண்டுமானால் 250 வாட் அளவில் பாருங்கள். கடைக்காரர் உங்கள் தலையில் கட்ட முனையும் ஒரு குதிரைவலு என்பது 746 வாட்!

பெரிது இருந்துவிட்டுப் போகட்டுமே என்பவர்களுக்கு மூன்று பதில்கள். முதலாவது, மின்சாரம். 120 வாட் பம்பி நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு இரண்டு அலகுக்கும் குறைவு. ஒரு குதிரைவலுப் பம்பி அதே நேரத்துக்குப் 15 அலகுவரை எடுத்து, உங்களை அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றிவிடக்கூடும். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்ததை அனுபவித்த நாட்டில், பின்னர் குறைப்புகள் வந்தபோதிலும், அலகை அலட்சியம் செய்ய எவராலும் இயலாது. இரண்டாவது, குழாய். 30, 40 மீற்றர் தள்ளக்கூடிய பம்பி, வாயை மூடும் கணத்தில் மூன்று நான்கு பார் அமுக்கத்தைப் பழைய பொருத்துகள்மீது அறைகிறது. சுவருக்குள் ஒரு மூட்டு விட்டால் சேதம் கீழ்மாடிக்காரருக்கு. மூன்றாவது, தண்ணீர். பத்து நிமிடக் குளியலில் 100 லீற்றர் போதுமாயிருக்க 200 லீற்றரைக் கொட்டுவது எந்தச் சுகத்தில் சேர்த்தி? நீர்க்கட்டணமும் படிப்படியாக ஏறுவதுதான்.

வாங்குமுன்

முதலில் ஷவரின் தலையைக் கழற்றுங்கள். வெறுங்குழாயின் கீழே 10 லீற்றர் வாளி ஒன்றை வைத்து மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் உங்களுக்குப் பம்பி வேண்டாம். தலையின் துளைகளில் அடைபட்ட துருவையும் மண்ணையும் நீக்குங்கள், அல்லது தாழ்ந்த அமுக்கத்துக்கான தலை ஒன்றை வாங்குங்கள். இரண்டு நிமிடம் எடுத்தால் வழியிலுள்ள வால்வுகள் முழுதாகத் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து, தாங்கியிலிருந்து குளியலறைக்கெனத் தனியாக முக்கால் அங்குலக் குழாய் ஒன்றை இறக்க முடியுமா என்று ஆராயுங்கள். தாங்கியை ஒரு மீற்றர் உயர்த்துவதும் வழியே. ஆனால் 1,000 லீற்றர் நீர் ஒரு தொன் எடை என்பதால், தாங்கும் தூண் எங்கே இருக்கிறதென்று பொறியியலாளரைக் கேட்காமல் அதைச் செய்யவேண்டாம். இவையெல்லாம் போதாதென்றானபின் பம்பியைத் தேடுங்கள்.

அப்போதும் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்கவேண்டும். பம்பி ஓடாதபோது ஷவரில் நீர் தானாக வருகிறதா? சன்னமாகவேனும் வருகிறதென்றால், ஓட்டத்தை உணர்ந்து இயங்கும் ஃப்ளோ சுவிட்ச் உள்ள பம்பி போதும். அதற்கு நிமிடத்துக்கு ஓரிரு லீற்றராவது தானாக ஓடவேண்டும். ஷவரின் தலை தாங்கியின் நீர்மட்டத்துக்கு நிகராகவோ மேலாகவோ இருந்து, நீர் வரவே வராதென்றால், அந்தப் பம்பி ஒருபோதும் விழித்தெழாது. பிரஷர் சுவிட்சும் சிறு அமுக்கக் கலனும் கொண்டது அங்கே வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பம்பியை விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

சுடுநீர்க் கருவி உள்ளவர்கள் அதன் கையேட்டில் அச்சிட்டிருக்கும் ஆகக்குறைந்த, ஆகக்கூடிய அமுக்கங்களைப் பாருங்கள். பம்பி அவ்விரண்டுக்கும் இடையில் நிற்கவேண்டும். உள்ளேயே பம்பி கொண்ட கருவிகளும் விற்கப்படுகின்றன. ஒரே ஒரு குளியலறைக்கு அவை வசதிதான். ஆனால் அவற்றைக் கூரைத் தாங்கியோடு இணைக்கவேண்டும். தெருக்குழாயோடு இணைத்தால் மேலே சொன்ன குற்றமே, அழகான பெட்டிக்குள்.

பம்பியைத் தாங்கியின் மட்டத்துக்குக் கீழே, குளியலறைக்கு வெளியே வையுங்கள். தொடர்மாடிவாசிகள் அடியில் இறப்பர் விரிப்பு இடுங்கள்; பக்கத்து வீட்டுக் குழந்தையும் உறங்கவேண்டும். வெள்ளவத்தையாயினும் இரத்மலானையாயினும் கடற்காற்று இரும்பைத் தின்னும். ஆதலால் துருப்பிடிக்காத உருக்கு அல்லது வெண்கல உடல் கொண்டதை வாங்கி, வெயிலும் மழையும் படாமல் மூடுங்கள். நீர் இல்லாதபோது தானாக நிற்கும் பாதுகாப்பு அதில் இருக்கவேண்டும். புவித்தொடுப்பும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் இன்றி இணைக்கவே கூடாது. ஈர உடம்போடு நிற்பவருக்கு மின்சாரம் இரண்டாம் வாய்ப்புக் கொடுப்பதில்லை.

கடைசியாக, பம்பியைச் சுற்றி ஒருவழி வால்வுடன் ஒரு மாற்றுக்குழாய் போடச் சொல்லுங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் போனாலும் கூரைத் தாங்கியின் நீர் அந்தக் குழாயால் இறங்கிவரும்.

யாரைக் கேட்பது?

இவ்வளவையும் நான் எழுதுவது சபையைக் காப்பாற்றுவதற்கல்ல. தெருக்குழாயில் பூட்டிய மோட்டர்களைத் தேடிப் பிடிப்பது சபையின் கடமை. வசதிபடைத்தவரின் வளவுக்குள்ளும் நுழைந்து பிடிக்கவேண்டும். வெறும் எச்சரிக்கை அறிவித்தலால் எந்த மோட்டரும் கழன்றதில்லை. கட்டடகாரர்களிடம் வீடு வாங்குவோர், தரையோட்டின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் தாங்கியின் உயரத்தையும் குழாயின் விட்டத்தையும் எழுத்தில் கேட்கவேண்டும். தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்கள், தீபாவளி விருந்துக்குக் கூடுவதைப்போல ஒருமுறை கூரையிலும் கூடவேண்டும்.

"நான் மட்டும் கழற்றினால் மற்றவர்கள் உறிஞ்சிக்கொண்டுதானே இருப்பார்கள்?" என்பவர்களுக்கு என் விடை இதுதான். கீழ்த்தாங்கியும் சிறு பம்பியும் உள்ளவருக்கு அந்தக் கவலை இல்லை. உறிஞ்சுபவருக்கோ தெருவில் நீர் இல்லாத நேரத்தில் காற்றுத்தான் மிச்சம். நேர்மையான வழி இங்கே வசதியான வழியாகவும் இருக்கிறது. வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். அமைந்திருக்கும் இடத்திலும் நாம் திருட்டையே தெரிவு செய்வோமானால், இரத்மலானையைத் திட்டும் உரிமை நமக்கு இல்லை.